அம்பு போடாத கல்

மேஜையை நகர்த்தச் சொன்னால் அவர் முதலில் சாக்பீஸ் தேடுவார். நான்கு காலையும் சுற்றித் தரையில் கோடு போட்டு, பக்கத்தில் வடக்கு பார்த்து ஓர் அம்பும் போட்ட பிறகுதான் மேஜையில் கை வைப்பார். "ஏன் அண்ணா, மேஜை என்ன பழைய இடத்துக்கே போகணும்னு அழப் போகுதா?" என்று நான் கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அழுவாதுங்க அம்மிணி. இருந்தாலும் எங்க இருந்துச்சுன்னு தெரியோணுமில்லீங்க" என்பார், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் நான் ஆராய்ச்சி மாணவி. அவர் அங்கே அட்டெண்டர். கல்லைச் சுமப்பது, அறுப்பது, அலமாரியில் அடுக்குவது, ஜீப்பில் எங்களோடு காடு மேடு சுற்றுவது எல்லாம் அவர் வேலை. ஊர் கொள்ளேகாலைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ராமாபுரம். மனைவி அங்கேயே வானம் பார்த்த பூமியில் ராகி விதைத்துக்கொண்டிருந்தார். இவர் சரஸ்வதிபுரத்தில் ஓர் அறையில் தனியாக இருந்துகொண்டு சனிக்கிழமை மதியம் கொள்ளேகால் பஸ் ஏறுவார். எங்கள் பேராசிரியரிடம் நல்ல கன்னடம் பேசுவார். என்னிடம் தமிழ். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். என் தமிழைக் கேட்டு, "அம்மிணி பேசறது ரேடியோல ரெண்டு ஸ்டேசன் கலந்த மாதிரி இருக்குதுங்க" என்று சிரிப்பார்.

அந்த மனிதரின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கறுப்பு மார்க்கர் பேனா இருக்கும். பையின் அடியில் மை கசிந்து ஒரு நிரந்தரக் கறை. கேஸ் சிலிண்டர் மாற்றும்போது அதைச் சுற்றிக் கோடு போடுவதாக, அவருக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மா என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். துறையில் எல்லோருக்கும் அது ஒரு கேலிப்பொருள். கேலி செய்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருநாள் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதாம். பேராசிரியர் ஒரு கோடைகாலம் முழுக்க அலைந்து சாக்குச் சாக்காகக் கல் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். எல்லாம் மண்ணும் பாசியுமாக இருந்தன. மேலே ஏதோ கறுப்பாகக் கிறுக்கல் வேறு. இவர் சும்மா இருப்பாரா? தேங்காய் நாரும் சவுக்காரமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு நாள் தேய்த்து, அத்தனை கல்லையும் சாமி விக்கிரகம் போலப் பளபளவென்று கழுவி வெயிலில் அடுக்கிவிட்டார்.

"சார் வந்து பாத்தாருங்க. பாராட்டுவாருன்னு நிக்கறேன். மனுசன் அப்படியே படியில உக்காந்துட்டாருங்க. ஒரு வார்த்தை திட்டலீங்க. திட்டியிருந்தாத் தேவலை."

அந்தக் கிறுக்கல்தான் அம்பு. மலையிலிருந்து ஒரு கல்லை உடைத்து எடுப்பதற்கு முன், அது மலையோடு ஒட்டியிருக்கும்போதே வடக்கு எந்தப் பக்கம், எந்தச் சாய்வில் கிடந்தது என்று அதன் மேலேயே வரைந்துவிட வேண்டும். அம்பு இல்லாத கல் அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான் ஆகும். கழுவிய கற்களை அவரே சுமந்துபோய்க் கட்டடத்தின் பின்னால் கொட்டினார். அன்றிலிருந்து அடையாளம் போடாமல் எதையும் எடுப்பதில்லை என்று ஆகிவிட்டது.

என் அப்பா இறந்த அன்று முதலில் வந்த வெளியாள் அவர்தான். அப்பா மூன்று மாதம் படுத்திருந்த கட்டிலை வெளியே எடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில், அந்த அழுகையில், இவர் குனிந்து நான்கு காலையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இங்கேயுமா அண்ணா?" என்று கத்திவிட்டேன். அவர் அம்பையும் போட்டுவிட்டுக் கட்டிலைத் தூக்கினார். அதன் பிறகு பல மாதங்கள் அம்மா அந்த நான்கு வட்டங்களை விட்டுவிட்டுத்தான் வீடு துடைத்தாள். இரவில் அவற்றுக்கு நடுவில்தான் பாய் விரித்தாள். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

என் ஆராய்ச்சி கொள்ளேகாலுக்குக் கிழக்கே உள்ள மலைகளைப் பற்றியது. ஜீப்பில் போகும்போது அவர் கேட்பார், நான் சொல்வேன். இருநூற்றைம்பது கோடி வருடங்களுக்கு முன்பு இங்கே இரண்டு நிலங்கள் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து ஒன்றோடொன்று முட்டின. முட்டிய இடம் நசுங்கி, மடிந்து, மலையாக எழுந்தது. அந்த மலையின் உயரமெல்லாம் மழையிலும் காற்றிலும் எப்போதோ கரைந்து போய்விட்டது. பூமிக்குள் பல மைல் ஆழத்தில் வெந்துகொண்டிருந்த அதன் அடிவேர்தான் மேலே வந்து, இன்று நாம் மலை என்று நிமிர்ந்து பார்க்கிற கருங்கல்.

"அப்ப நாம ஏறி நிக்கறது மலையோட பாதமுங்களா?"

"பாதத்துக்கும் கீழே, அண்ணா."

"செரி, மேக்கால இருக்கற மலையும் இப்படி முட்டினதுதானுங்களா?"

இல்லை, அது பிய்ந்தது என்று சொன்னேன். முட்டிச் சேர்ந்து கெட்டிப்பட்ட இந்த நிலம், டைனோசர்கள் திரிந்த காலத்தில் மேற்கு ஓரத்தில் கிழிந்தது. கிழிந்த துண்டு மடகாஸ்கர் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஆப்பிரிக்கா பக்கம் போய்விட்டது. நடுவில் கடல் புகுந்தது. கிழிந்த விளிம்பு இந்தப் பக்கம் உயர்ந்து நின்றது. அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை என்றேன்.

"அட கடவுளே! போனது திரும்பி வரவே இல்லீங்களா?"

"வராது அண்ணா."

"அத்தனை வருசம் ஒண்ணா இருந்துபோட்டு..." என்று உச்சுக்கொட்டினார். உறவுக்காரர் வீட்டுப் பாகப்பிரிவினையைக் கேட்டது போல அவர் முகம் வாடிவிட்டது. அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "முட்டிக்கிட்டதுல யாருங்க மேல ஏறுனது? கிழக்கால இருந்து வந்ததா, மேக்கால இருந்ததா?"

என் ஆராய்ச்சியே அந்த ஒரு கேள்விதான். கிழக்கு நிலம்தான் மேற்கின் மேல் ஏறியது என்பது பேராசிரியரின் எண்ணம். அதை நிரூபிக்கத்தான் என்னைச் சேர்த்திருந்தார். நசுங்கும்போது பாறைக்குள் இருக்கும் கெட்டியான மணிகள் உருளும். உருண்டு போன தடத்தில் வால் விடும். கல்லைக் காகிதத்தைவிட மெல்லிய வில்லையாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், எந்தப் பக்கத்திலிருந்து தள்ளு வந்தது என்று வால் சொல்லிவிடும். கல்லில் அம்பு சரியாக இருந்தால்தான் சொல்லும். அம்பு திரும்பியிருந்தால் தீர்ப்பும் அப்படியே திரும்பிவிடும்.

எல்லாக் கல்லும் கிடைத்தது. ஒன்றுதான் பாக்கி. தமிழ்நாட்டு எல்லையில் உள்ள பாலாற்றுக்குப் போகிற வழியில், காட்டுக்குள் ஓர் ஓடையில், இரண்டு நிலமும் தைத்த தையல் நேராகத் தெரிகிற பாறை. அந்த வருடங்களில் அந்தக் காட்டில் சந்தனமரம் கடத்திய ஒருவனை அதிரடிப்படைப் போலீஸார் தேடிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குச் சோறு போட்டாய், வழி காட்டினாய் என்று கிராமத்து ஜனங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். விறகு பொறுக்கக்கூட யாரும் உள்ளே போவதில்லை. எட்டு மாதம் அலைந்து எங்களுக்கு ஒரே ஒரு நாள் அனுமதி கிடைத்தது. துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள் கூடவே வந்தார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குள் செக்போஸ்ட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஓடையை அடையும்போதே பதினொன்றரை. காவலர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி "பன்னி பன்னி, பேக", வாங்க வாங்க, சீக்கிரம் என்று கன்னடத்தில் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் காம்பஸையும் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார். நான் சம்மட்டியோடு முன்னால் ஓடினேன். அவர் வருகிறவரை நின்றிருக்கலாம். இரண்டு நிமிடம்தான். நிற்கவில்லை. ஓங்கி மூன்று அடி போட்டேன். தேங்காய் அளவு துண்டு ஒன்று தெறித்து உருண்டு தண்ணீரில் விழுந்தது.

அவர் மூச்சு வாங்க வந்து நின்றார். "அம்பு போட்டீங்களா அம்மிணி?"

"நீங்க போடுங்க அண்ணா. இப்படித்தான் இருந்துச்சு" என்று கல்லை எடுத்துக் கையால் காட்டினேன்.

"இப்படியா, அப்படியா? பெயர்ந்த எடத்துல வெச்சுப் பாத்துரலாமுங்க."

"நேரமில்ல! நான்தானே உடைச்சேன், எனக்குத் தெரியாதா? போடுங்கன்னா போடுங்க!"

நான் அதட்டினேன். அவரைவிட இருபது வயது சின்னவள் நான். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மார்க்கரை எடுத்து நான் காட்டிய பக்கம் அம்பு போட்டார். எப்போதும் அளவுகோல் வைத்தது போல வருகிற கோடு அன்றைக்குக் கோணலாக வந்தது.

கல்லை இரண்டாக அறுத்து, ஒரு பாதியில் வில்லை தேய்த்தோம். கிழக்குதான் மேலே ஏறியது என்று வந்தது. பேராசிரியர் துள்ளிக் குதித்தார். டெல்லியில் ஒரு கருத்தரங்கில் போய் அதைப் பேசியும் விட்டார். நான் அத்தியாயங்களை எழுதத் தொடங்கினேன். இவர் மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். "அந்த ஓடைக் கல்லு அம்மிணி..." என்று இழுப்பார். "அண்ணா, அதை விட்டுடுங்க" என்பேன். ஒருநாள், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்.

அவர் போன மறுநாள் அலமாரியைத் திறந்தேன். ஓடைக் கல்லின் மீதிப் பாதியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், தூசியின் மேல், கல்லைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு. பக்கத்தில் அம்பு. கல்லை எடுத்துப்போய்ப் பெயர்ந்த இடத்தில் பொருத்திப் பார்க்கப் போயிருக்கிறார் என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. தனியாக, அனுமதி இல்லாமல், அந்தக் காட்டுக்குள். அலமாரியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினேன்.

அதற்கு மறுநாள் காலை பேராசிரியருக்குப் போன் வந்தது. நான் எதிரில் என் மூன்றாம் அத்தியாயத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவர் கன்னடத்தில் பேசப் பேசவே விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. காட்டில் ஓர் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கையில் சுத்தியல், காம்பஸ், ஏதோ கிறுக்கிய கல். உங்கள் காலேஜ் வேலையாக வந்தேன் என்கிறான், உண்மையா என்று கேட்கிறார்கள். பேராசிரியர் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லி, போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நம்ம ஆளு லீவுலதானே இருக்கான்? நாம காட்டுக்கு யாரையும் அனுப்பலையே அம்மா?"

"இல்ல சார்" என்றேன்.

பொய் இல்லை. நாங்கள் யாரையும் அனுப்பவில்லைதான். "எங்களுக்குத் தெரியாது, நாங்கள் அனுப்பவில்லை" என்று சொல்லி அவர் போனை வைத்தார். நான் மூன்றாம் அத்தியாயத்தை நீட்டினேன். வாயைத் திறந்திருந்தால், எதற்குப் போனார் என்று கேட்பார்கள். அம்பு பொய் என்று சொல்ல வேண்டி வரும். டெல்லியில் பேசியது போகும், என் நான்கு வருடம் போகும், உதவித்தொகை போகும், பேராசிரியர் முகத்தில் முழிக்க முடியாது. இன்றைக்கு விட்டுவிடுவார்கள், நாளைக்கு விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் யாரையும் அப்படி விடுவதில்லை என்று மைசூரில் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இட்லி சாப்பிட்டேன். தூங்கினேன். இரண்டு நாள் சாமுண்டி மலைக்குக்கூட ஏறிப்போய்க் கும்பிட்டேன், வெட்கமில்லாமல்.

போன் வந்து ஐந்தாவது நாள் காலை அவருடைய மனைவி வந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர் பேராசிரியர் அறை வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கன்னடம் அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"ஆபீசு வேலைன்னுதானுங்க சொல்லிப்போட்டுப் போனாரு. கல்லு ஒண்ணைத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனாருங்க. ஓடை வரைக்கும் போயிட்டுப் பொழுதோட வந்தர்றேன்னாரு. அங்க போய் நின்னா, உங்க ஆபீசுக்காரங்களே உன் புருசனைத் தெரியாதுன்னுட்டாங்கன்னு வெரட்டறாங்க. ஒரே ஒரு காயிதம் குடுங்க அம்மிணி. எங்க ஆளுதான்னு ஒரு காயிதம்."

அவரும் என்னை அம்மிணி என்றார். அண்ணா வீட்டில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்று அதில் தெரிந்தது. அப்போதுதான் நான் உடைந்தேன். அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் பேராசிரியரிடம் சொன்னேன். அம்பு, ஓடை, அலமாரி, போன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "நாலு நாளாகவா தெரியும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு தானே டைப்ரைட்டரை இழுத்து வைத்துக் கடிதம் அடித்தார். பிழை விழுந்து விழுந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டார்.

ஜீப்பில் நானும் அவர் மனைவியும் பேராசிரியரும் போலீஸ் முகாமுக்குப் போனோம். கடிதத்தைக் கொடுத்து மூன்று மணி நேரம் காத்திருந்தோம். ஒரு கொட்டகையிலிருந்து அவரை நடத்திக் கூட்டி வந்தார்கள். வலது கை துண்டில் சுற்றியிருந்தது. மனைவியைப் பார்த்தார், பேராசிரியருக்கு இடது கையால் வணக்கம் வைத்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். ஏதாவது கேட்பார், ஏசுவார், காறித் துப்பினால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அம்மிணி, கல்லு அச்சாப் பொருந்துச்சுங்க. நாம போட்ட அம்பு தெக்க பாத்துட்டு இருக்குதுங்க. நேர் எதிர்ப்பக்கம்." இடது கையால் தெற்கே காட்டினார். "எழுதி வெச்ச காயிதத்தைப் புடுங்கிட்டாங்க. கல்லையும் எங்கியோ வீசிட்டாங்க. மறந்துருவேனோன்னு சொல்லிச் சொல்லி வெச்சுக்கிட்டே இருந்தனுங்க."

அந்த நாட்களில், அந்த அடிகளுக்கு நடுவில், அவர் மனப்பாடம் செய்துகொண்டிருந்தது அதைத்தான். எங்கள் ஆள் இல்லை என்று ஆபீஸ் சொல்லிவிட்டதை அவருக்கும் சொல்லித்தான் அடித்திருந்தார்கள். அதை அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அம்பைத் திருப்பினேன். மேற்குதான் கிழக்கின் மேல் ஏறியிருந்தது. எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். இரண்டு வருடம் கூடுதலாக ஆனது. பேராசிரியர் டெல்லிக்குத் தவறை ஒப்புக்கொண்டு கடிதம் போட்டார். என்னோடு வேலைப் பேச்சு மட்டும் வைத்துக்கொண்டார்.

அவருடைய வலது கை விரல்கள் முழுதாக மடங்கவே இல்லை. மார்க்கரைப் பிடிக்க முடியாது. அவரை நூலக வாசலில் உட்காரவைத்தார்கள். ஒருமுறை துறைக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் அலமாரி, மேஜை எல்லாவற்றையும் இழுத்துத் தாறுமாறாகத் தள்ளினார்கள். நான் ஓடிப்போய்ச் சாக்பீஸ் எடுத்து வந்து, "அண்ணா, நான் போடட்டுமா? எங்க எங்கன்னு சொல்லுங்க" என்றேன். "எதுக்குங்க அம்மிணி, எங்கியோ இருந்துட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுத மாதிரி என் அப்பாவுக்குக்கூட நான் அழவில்லை.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நன்றி எழுத வேண்டும். பேராசிரியர் பெயருக்கும் முன்னால் அவர் பெயரை எழுதி, எடுத்துப்போய்க் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். தன் பெயர் வந்த இடத்தில் அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

"இது வேண்டாமுங்க அம்மிணி. எடுத்துப்போடுங்க."

"ஏன் அண்ணா? உங்களாலதானே இது..."

"அங்க பேரைக் கேப்பாங்க. சொன்னா ஒரு காயிதத்துல எழுதுவாங்க. எழுதி முடிச்சதும் அடிப்பாங்க. மறுபடி வேற ஆளு வந்து கேப்பான், எழுதுவான். எம் பேரை எழுத்துல பாத்தா அடுத்தது அடிதான்னு தோணுதுங்க. எந்தக் காயிதத்துலயும் எழுதாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அந்த ஆய்வேட்டில் அவர் பெயர் இல்லை, பிறகு நான் எழுதிய எதிலும் இல்லை, இதிலும் இல்லை. எனக்கு அது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. சொல்லியே ஆக வேண்டிய நான்கு நாளும் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்தவள்தானே நான்.